மேஜையைச் சுற்றி வந்த சான்றிதழ்

பேராசிரியர் மக்கள் தொடர்புத் தொழிலைப் பற்றி ஒரு பாடநூல் எழுதியிருந்தார். ஆறு பதிப்பு கண்ட நூல். அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரையாவது நேரில் பார்த்துவிட்டு எழுதலாமே என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. மீனைப் பற்றி எழுதுகிறவன் குளத்தில் குதித்தா எழுதுகிறான் என்பது அவர் கட்சி.

இப்போது குதிக்க வேண்டி வந்தது. துறைத்தலைவர் நாற்காலி காலியாகியிருந்தது. அதில் உட்கார ஆசைப்படுகிறவர், வெளியே ஏதாவது ஒரு நிறுவனத்தில் இரண்டு வாரம் இருந்ததற்குச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று கல்லூரி புதிதாக ஒரு விதி போட்டிருந்தது. போட்டிக்கு நின்றவர் ஒரே ஒருவர்தான். அதே துறைக்காரர், போதாக்குறைக்குப் பேராசிரியருக்குச் சகலை. அவர் ஒரு வானொலி நிலையத்தில் போய் இரண்டு வாரம் உட்கார்ந்துவிட்டு, மைக் முன்னால் வாயைத் திறந்தபடி படமும் எடுத்துக்கொண்டு, சான்றிதழோடு எப்போதோ திரும்பிவிட்டார்.

"உங்க சகலை தலைவராகட்டும், அப்புறம் பாருங்க. என் தங்கச்சி என்னை அக்கான்னு கூப்பிடறதையே விட்டுடுவா. இப்பவே இழுத்து இழுத்துத்தான் கூப்பிடறா," என்றாள் பேராசிரியரின் மனைவி. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். எதையும் அளவோடுதான் பேசுவாள்.

"அவன்கிட்டப் போய் நான் லீவு கேட்டு நிப்பேன்னு நெனைக்கிறியா?"

"நிக்க வேண்டாம்னுதானே சொல்றேன். போய்ட்டு வாங்க. போற எடத்துல வாயை மட்டும் கொஞ்சம்..."

மீதியைக் கேட்கப் பேராசிரியர் அங்கே இல்லை. டை கட்டப் போய்விட்டார்.

அந்த மக்கள் தொடர்பு நிறுவனம் ஓர் உயரமான கட்டடத்தின் நடு மாடியில் இருந்தது. சுவரெல்லாம் கண்ணாடி, ஒளிவுமறைவு கிடையாது என்று காட்டுவதற்காம். ஆனால் எல்லாக் கண்ணாடிக்கும் உள்பக்கம் திரை தொங்கியது. நிறுவனத்தின் தலைவியை எல்லோரும் 'அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். இங்கே எல்லோரும் ஒரே குடும்பம் என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அந்தக் குடும்பத்திலிருந்து போன மாதம்தான் மூன்று தம்பிகளை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியிருந்தாள்.

"சார், உங்க புத்தகத்தைப் படிச்சுத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்," என்றாள்.

அவள் தொழிலுக்கு வந்தபோது அந்தப் புத்தகம் எழுதப்படவே இல்லை. கணக்குப் பார்க்காமல் பேராசிரியர் பூரித்துப் போனார்.

அவருக்கு ஒரு தனி அறை, ஒரு சுழல் நாற்காலி, பழைய கோப்புகள் ஓர் அடுக்கு. வருகைப் பேராசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியாததால், படிக்கக் கொடுத்துவிட்டார்கள். அவர் நிஜமாகவே படித்தார். அந்த அலுவலகத்தில் கோப்புகளைத் திறந்து படித்த முதல் ஆள் அவர்தான். படித்துவிட்டு, "தரம் ரொம்பக் கம்மி. அடிக்குறிப்பே இல்லை," என்று மதியச் சாப்பாட்டில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

அந்த நிறுவனத்துக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. வாடிக்கையாளர் யாராவது வம்பில் மாட்டிக்கொண்டால், பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கை போக வேண்டும். அதை ஒருவர் எழுதுவார். எழுதிய தாள் நீள மேஜையைச் சுற்றி வரும். உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் பிற்பாடு வினையாகக்கூடிய எதையாவது கட்டாயம் எடுக்க வேண்டும். சுருக்கலாம், கூட்டக் கூடாது. கடைசி நாற்காலியைத் தாண்டிவிட்டால் தாள் நேரே வெளியே போகும், மறுபடி யாரும் தொடுவதில்லை. இந்த வேலையில் மன்னன் 'கத்தரி' என்கிற ஆள். பட்டப்பெயர்தான், ஆனால் சட்டைப் பையில் நிஜக் கத்தரிக்கோலும் வைத்திருந்தான்.

பேராசிரியர் விருந்தாளி என்பதால், மரியாதையாகக் கடைசி நாற்காலியைக் கொடுத்தார்கள். வந்தது வினை.

முதல் வாரம் முடிவதற்குள் மெத்தைக் கம்பெனி மாட்டிக்கொண்டது. அந்தக் கம்பெனி மெத்தையில் படுத்தவர்கள் முதுகெல்லாம் தடித்துப்போய் மருத்துவமனை வாசலில் நின்றார்கள். மேஜையில் தாள் கிளம்பியபோது, 'எங்கள் மெத்தைகளில் படுத்த சிலருக்கு அரிப்பு ஏற்பட்டதாக வந்துள்ள செய்தி எங்களுக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது' என்று இருந்தது.

"எங்கள்னு ஏன் நாமளே ஒத்துக்கணும்?" என்று ஒருத்தி அதை அடித்தாள்.

"மெத்தைன்னு சொன்னாத்தானே மெத்தை ஞாபகம் வரும்?" என்றான் இன்னொருவன்.

கத்தரி, 'அரிப்பு' என்ற இடத்தைப் பார்த்துவிட்டுத் தன் முதுகைச் சொறிந்துகொண்டான். "படிக்கிறப்பவே அரிக்குது. எடு."

பேராசிரியர் கைக்கு வரும்போது, 'செய்தி வருத்தம் அளிக்கிறது' என்பது மட்டும் மிச்சம். இவர் முகம் சுளித்தார். எடுப்பதெல்லாம் ஒரு வேலையா? படித்தவன் சேர்ப்பான். ஆதாரமில்லாத வாக்கியத்தைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. கோப்புகளில் படித்தது ஞாபகம் வரவே, பேனாவைத் திறந்து முன்னால் அழகாகச் சேர்த்தார்: 'முன்னர் இருமுறை நிகழ்ந்ததைப் போலவே, இச்செய்தியும் வருத்தம் அளிக்கிறது.'

வாக்கியம் இப்போதுதான் முழுமை பெற்றது என்று நினைத்துக்கொண்டார். தாள் வெளியே போய்விட்டது.

சாயங்காலம் ஒரு நிருபர் தொலைபேசியில் கூப்பிட்டு, முன்னர் இருமுறை என்றால் எப்போது என்று கேட்டார். எடுத்தவர் பேராசிரியர். யாராவது சந்தேகம் கேட்டால் அவருக்கு வருகிற சந்தோஷமே தனி. எந்த வருடம், எந்த ஊர்க்கிடங்கு, எந்த வகைப் பஞ்சு, எத்தனை பேர் முதுகு என்று ஒரு வகுப்பே எடுத்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்றும் கேட்டார். நிருபருக்கு நன்றாகவே புரிந்தது.

மறுநாள் மெத்தைகளை எல்லாக் கடைகளிலிருந்தும் திரும்ப எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மெத்தை முதலாளி நேரில் வந்து, பேராசிரியரின் சுழல் நாற்காலியை ஓர் உதை உதைத்துவிட்டு, இனி உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்று போய்விட்டார். நாற்காலி சுற்றி நிற்க வெகுநேரமாயிற்று.

"நல்ல காரியம்தானே செஞ்சிருக்கீங்க," என்றாள் மனைவி வீட்டில். "எங்க கடையில தடிப்புக்குக் களிம்பு வாங்க வந்தவங்க உங்களை வாழ்த்திட்டுப் போறாங்க."

"பைத்தியமா நீ? சர்டிபிகேட் என்னாகும்?"

உண்மையைச் சொன்ன துணிச்சல்காரர் என்று அவரைப் பற்றி எழுத அந்த நிருபர் மறுபடி கூப்பிட்டார். "நான் ஒண்ணுமே சொல்லலை. சொல்லியிருந்தா அது என் கருத்து இல்லை," என்று பேராசிரியர் போனை வைத்தார். வாழ்க்கையில் தவறிப்போய் ஒரே ஒரு நல்ல காரியம் செய்தார். மிச்ச நாளெல்லாம் அதற்காக அக்காவின் அறை வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார்.

அக்கா கோபப்படவே இல்லை. "சர்டிபிகேட்தானே சார்? தாராளமா. நானே எழுதறேன். நம்ம வழக்கப்படி மேஜையை ஒரு சுத்துச் சுத்தி வந்துடட்டும்."

கடைசி நாள் எல்லோரும் கூடினார்கள். நிறுவனத்தின் பெயர் பொறித்த பளபளப்பான தாளில் அக்கா எழுதியிருந்தாள்: 'பேராசிரியர் எங்கள் நிறுவனத்தில் பணியாற்றி, தமது ஆழ்ந்த அறிவால் எங்கள் ஊழியர் அனைவருக்கும் பெரிதும் பயன்படும் வகையில் இருந்தார்.' கீழே வந்த தேதி, போகிற தேதி, கையெழுத்து. யாருடையது என்று எந்த நீதிமன்றமும் கண்டுபிடிக்க முடியாத ஒரு கிறுக்கல். அதெல்லாம் தொழில் பயிற்சி.

"ஆழ்ந்தன்னு போட்டிருக்கே. இறங்கிப் பாத்தவங்க யாரு?" என்று முதல் ஆள் அடித்தான்.

"அறிவுக்குச் சாட்சி கேட்டா நான் போக மாட்டேம்பா."

"பணியாற்றின்னு இருந்தா நாளைக்கே சம்பளம் கேப்பாரு."

"அனைவருக்கும் பயன்பட்டாராம்! மெத்தைக்காரரையும் சேத்தா?"

கத்தரி, 'எங்கள் நிறுவனத்தில்' என்பதை 'இங்கே' என்று சுருக்கினான். தாள் பேராசிரியரிடம் வந்தது. 'பேராசிரியர் இங்கே இருந்தார்.'

நியாயமாகப் பார்த்தால் இதுவே போதும். விதி கேட்டதும் அவ்வளவுதான்; மேலே நிறுவனத்தின் பெயர் இருந்தது, கீழே இரண்டு வாரத்துக்கான தேதிகளும் ஒரு கையெழுத்தும் இருந்தன. ஆனால் மேஜையே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சார், நீங்களும் ஒண்ணு எடுக்கணும். போன தடவை மாதிரி சேத்துடாதீங்க," என்று கத்தரி கத்தரிக்கோலை நீட்டினான். எல்லோரும் சிரித்தார்கள்.

பேராசிரியருக்குச் சுருக்கென்றது. எதை எடுப்பது? தேதியை எடுத்தால் இரண்டு வாரமும் போச்சு. 'பேராசிரியர்' என்பதை உயிரே போனாலும் எடுக்க முடியாது. 'இருந்தார்' போனால் ஒன்றும் மிஞ்சாது. 'இங்கே' போனால் வாக்கியம் நொண்டும். அது இலக்கணத்துக்கு இழுக்கு. அப்போதுதான் தாளின் உச்சியில் பொன்னெழுத்தில் பளபளத்த நிறுவனத்தின் பெயர் கண்ணில் பட்டது. தம் பட்டத்துக்கு மேலே இந்தக் கும்பலின் பெயரா? கத்தரிக்கோலை வாங்கி, அந்தத் தலைப்பை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நேர்கோடாக வெட்டி மேஜையில் போட்டார்.

"அட! சார் தொழில் கத்துக்கிட்டாரே!" என்றாள் அக்கா. எல்லோரும் கைதட்டினார்கள். அந்த மேஜையில் அவருக்குக் கிடைத்த முதல் கைதட்டல். பேராசிரியர் எழுந்து லேசாகத் தலைவணங்கிக்கூட வைத்தார்.

வீட்டில் மனைவி தாளை வாங்கிப் படித்தாள். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"எங்க?" என்றாள்.

"எங்கன்னா?"

"இங்கேன்னு போட்டிருக்கு. எங்க இருந்தீங்க?"

பேராசிரியர் உடனே அக்காவுக்குப் போன் போட்டார். சுற்றி முடிந்த தாளை மறுபடி தொடுவதில்லை என்று அவள் மிக அன்பாகச் சொன்னாள்.

தேர்வுக்குழுவிலும் கல்லூரி முதல்வர் கேட்டது அதே ஒரு கேள்விதான். பேராசிரியர் முக்கால் மணி நேரம் பதில் சொன்னார். இடம் என்கிற கருத்தாக்கத்தின் வரலாற்றிலிருந்து தொடங்கினார். கேட்டுக்கொண்டிருந்த முதல்வர், நடுவில் வானொலி நிலையச் சான்றிதழை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே தங்கையிடமிருந்து போன் வந்தது. மனைவி எடுத்தாள், கேட்டாள், "ம், சந்தோஷம்," என்று வைத்தாள்.

"என்ன சொன்னா?" என்றார் பேராசிரியர், டையைத் தளர்த்தியபடி.

"பேர் சொல்லித்தான் கூப்பிட்டா," என்றாள்.