மூன்றாவது சிலிண்டர்

அக்டோபர் மாதத்து முதல் ஞாயிறு, சர்ச் முடிந்து பதினொரு மணிக்கு, மெர்வ் லிண்ட்னரின் ரொட்டி வேனில் ஆக்ஸிலேட்டர் தானாகவே தரைவரை இறங்கும். எங்கள் கோதுமை ஊரான பின்னாரூவில் எங்களுக்கு இது கோதுமை விலை போலத் தெரிந்த சங்கதி. வருஷம் ஒருமுறை எஞ்சின் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் காற்றழுத்தம், பார்க்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் காற்றுப் போகாது, அளவுமானியின் முள்ளும் ஏறாது. மற்றதெல்லாம் ஒற்றை ஆள் வேலைதான். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்ற வேண்டும், ஓட்டையில் அளவுமானியைத் திருகவேண்டும், பானெட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்டார்ட்டர் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்க வேண்டும். அதை மெர்வ் செய்வான். மிதிப்பது அவனுடைய அக்கா வால்டா. அவள் இரண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, மேற்கே கடலோர ஊரான எஸ்பெரன்ஸில் இருந்தாள்.

அறுபத்தொன்றில் அந்த வேன் வந்தது முதல் எட்டு வருஷம் இருவரும்தான் பண்ணை பண்ணையாக ரொட்டி கொண்டுபோனார்கள். அவன் ஓட்டுவான், அவள் இறங்கி கேட் திறப்பாள். ஒரு சுற்றுக்கு முப்பத்தொரு கேட். நாய்களுக்குக்கூட அவள் பெயர் சொன்னால் போதும், குரைக்காது. சூடான ரொட்டி வாசனையோடு அவர்கள் தூசியைக் கிளப்பிக்கொண்டு வரும் அந்தக் காலைகள் எனக்கு இன்றும் கண்முன் நிற்கின்றன. அறுபத்தொன்பதில் வால்டா, கெய்த் என்ற மீன்பிடிக்காரனைக் கட்டிக்கொள்ள முடிவெடுத்தாள். கல்யாணம் எஸ்பெரன்ஸில். வேனிலேயே போய்விடலாம் என்று, அக்டோபர் முதல் ஞாயிறு, கிளம்புமுன் கம்ப்ரஷன் பார்த்தார்கள். அவள் மிதித்தாள், அவன் முள்ளைப் பார்த்தான். "மூணாவது சிலிண்டர் தொண்ணூறுதான் காட்டுது, நூத்தி நாப்பதாவது வேணும். நல்லர்பார் பொட்டல்ல நடுவழியில நின்னுடும். நான் வரல" என்றான். அவள் வேனிலிருந்து இறங்கி, ரயிலேறிப் போனாள். தம்பி இல்லாமலே கல்யாணம் நடந்தது. அதற்கப்புறம் கடிதம் இல்லை, போன் இல்லை.

அடுத்த அக்டோபரில், மிதிக்க ஆளில்லாமல் மெர்வ் ஒரு செங்கல்லை எடுத்துக்கொண்டு போனபோது, ஆக்ஸிலேட்டர் ஏற்கெனவே தரையோடு தரையாக இருந்தது. செங்கல்லை எடுத்த இடத்திலேயே வைத்தான். சில வருஷம் கழித்து எங்களூர் டல்ஸி எஸ்பெரன்ஸ் போயிருந்தாள். அந்த அக்டோபர் ஞாயிறு, இங்கே பதினொன்று அடிக்கும்போது அங்கே மணி ஒன்பதரை. வால்டா முட்டை பொரித்துக்கொண்டிருந்தவள் நாற்காலியில் உட்கார்ந்து வலது காலைத் தரையில் அழுத்தினாளாம். முட்டை கருகியும் எடுக்கவில்லை. கேட்டதற்கு "நரம்பு இழுக்குது" என்றாளாம். நாற்காலிக்கு முன்னால் லினோலியம் தரைவிரிப்பில் ஒரு குதிகால் அளவுக்குக் குழி விழுந்திருந்ததாம். டல்ஸி வந்து ஊரெல்லாம் சொன்னாள், மெர்விடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அது குடும்ப விஷயம்.

எண்பத்தேழில் ஆக்ஸிலேட்டர் இறங்கவில்லை. மெர்வ் அரைமணி காத்திருந்தான், பிறகு பொத்தானை அமுக்கினான். நாலும் அறுபது. கராஜ் வைத்திருந்த கோல் என்பவன் எட்டிப் பார்த்தான்.

"எஞ்சின் போச்சு மெர்வ். இனிமே இதுல கோழி வளர்த்துக்க."

"நாலு பல்லும் ஒரே நாள்ல விழுமா? ஒண்ணு ரெண்டு குறைஞ்சா தேய்மானம். நாலும் ஒரே மாதிரி குறைஞ்சா மிதிக்கலன்னு அர்த்தம்."

"அப்போ நான் மிதிக்கிறேன், நகரு."

"வண்டிக்கு ஒண்ணுமில்லன்னு எனக்கே தெரியும்டா. அவளுக்கு என்ன ஆச்சுன்னுதான் தெரியல."

டல்ஸியிடம் நம்பர் வாங்கித் திங்கட்கிழமை முழுக்கப் போன் செய்தான். மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. செவ்வாய் காலை ஒரு கட்டு மெட்வுர்ஸ்ட் தொத்திறைச்சியும் இரண்டு கேன் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். நல்லர்பாரில் பெட்ரோல் போட நின்றபோது, யாரும் தொடாமலே ஆக்ஸிலேட்டர் ஓர் அங்குலம் இறங்கி, நடுங்கி, மேலே வந்துவிட்டது. மெர்வ் குனிந்து அதன்மேல் கையை வைத்தான். "உயிரோடதான் இருக்கா" என்றான். பெட்ரோல் போட்டவன், சில்லறை இருக்கிறதா என்று கேட்டான்.

வால்டா எஸ்பெரன்ஸ் ஆஸ்பத்திரியில் இருந்தாள். படகுத்துறைப் படியில் சறுக்கி வலது கால் தொடையோடு ஒடிந்து, இடுப்பு முதல் விரல் வரை மாவுக்கட்டு. கெய்த் கடலுக்குப் போயிருந்தான். சனிக்கிழமை மத்தியானம், அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டு வந்த மெர்வின் வேன் நின்ற சத்தத்திலேயே ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். பதினெட்டு வருஷத்துக்கப்புறம் அவன் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டேய் மெர்வ், அந்த மூணாவது சிலிண்டர வெச்சுக்கிட்டா இவ்வளவு தூரம் வந்தே?"

அவன் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னிக்கு அது நூத்தி நாப்பத்தஞ்சு காட்டுச்சு, வால்டா. நீ இல்லாம அந்த முப்பத்தொரு கேட்டையும் நினைச்சுப் பார்த்தேன். பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"மிதிச்சவ நான்தானே. நாலும் ஒரே சீரா சுத்தினது என் காதுல விழாதா?"

"தெரிஞ்சும் ஏன் வருஷா வருஷம் மிதிச்சே?"

"நான் மிதிக்கலன்னா உனக்குச் சரியான நம்பர் எப்படித் தெரியும்? என்னிக்காவது ஒரு நாள் நீயே அதை வாயத் தெறந்து சொல்லுவேன்னு பார்த்தேன். கழுத, ஒரு கால ஒடிக்க வேண்டியதாப் போச்சு."

அவன் அழுதான். அவளும் அழுதாள். நர்ஸ் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் சக்கர நாற்காலியில் வைத்து அவளைத் தள்ளிக்கொண்டு போய், அவனும் இரண்டு நர்ஸ்களுமாகத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார்கள். கட்டுப்போட்ட காலைக் கதவுக்கு வெளியே ஒரு பெட்டிமேல் நீட்டிக்கொண்டு, இடது காலால் மிதித்தாள். மெர்வ் ஒவ்வொரு சிலிண்டரின் நம்பரையும் படித்தான், ஆஸ்பத்திரி ஜன்னல்களுக்கெல்லாம் கேட்கும்படி.

அவளுடைய வலது கால் அப்புறம் சரியாக மடங்கவே இல்லை. இடது காலால் மிதிக்கிறாள், அதனால் இப்போதெல்லாம் ஆக்ஸிலேட்டர் சற்று இடப்பக்கம் சாய்ந்துதான் இறங்குகிறது. கம்பி உராயாமலிருக்க கோல் ஒரு வாஷர் போட்டுக் கொடுத்திருக்கிறான். பார்த்து முடித்ததும் மெர்வ் கையைத் துடைத்துக்கொண்டு எஸ்பெரன்ஸுக்குப் போன் போட்டு நாலு நம்பரையும் சொல்கிறான். மூன்றாவதை முதலில் சொல்கிறான்.