நாளைக்கு வாங்க

தொற்றுநோய் வந்த வருஷத்துக் கோடையில், தெருமுக்குச் சலவைக் கடையில் துவைத்துப் போட்ட துணிகளில் சில காயவே இல்லை. எந்தத் துணி காயவில்லையோ அதற்குரியவர் இரண்டொரு நாளில் இறந்துபோனார். வெயிலுக்கு ஒரு குறையும் இல்லை, மண்டையைப் பிளந்தது. ஒரே கொடியில் பக்கத்துப் பக்கத்தில் போட்ட இரண்டு சட்டைகளில் ஒன்று மதியத்துக்குள் மொறமொறவென்று விறைத்து நிற்கும், மற்றது அப்போதுதான் வாளியிலிருந்து எடுத்ததைப் போலச் சொட்டிக்கொண்டிருக்கும். முதலில் துணி மட்டம் என்றார்கள். அப்புறம் சோப்பு சரியில்லை என்றார்கள். தபால் அலுவலகத்துக்காரரும், பல் டாக்டரின் மாமியாரும், மாடிவீட்டுப் புதுமாப்பிள்ளையும் போய்ச் சேர்ந்த பிறகு யாரும் சோப்பைப் பற்றிப் பேசவில்லை.

கடையை நடத்தியவளை அந்தப் பக்கத்தில் எல்லோரும் ‘நாளைக்கு அக்கா’ என்றுதான் சொல்வார்கள். சொன்ன தேதியில் துணி கொடுத்த பழக்கம் அவளுக்குக் கிடையாது. கல்யாணத்துக்குப் போகிறவன் கோட்டுக்காக வந்து நின்றாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் வந்து நின்றாலும் சரி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், “இன்னும் ஆகலைங்க, நாளைக்கு வாங்க” என்பாள். அதை ஒரு பொய் என்றே அவள் நினைத்ததில்லை. கடைக்கு ஷட்டர் இருக்கிற மாதிரி அதுவும் ஒன்று, அவ்வளவுதான். அவள் புருஷன் சைக்கிளில் போய் மூட்டை எடுத்து வருகிறவன். வாடிக்கைக்காரர்களின் வசவில் பாதியை அவன்தான் வாங்கிக்கொண்டு வருவான்.

நோய் வந்ததும் முடிதிருத்தும் கடை மூடியது, ஓட்டல் மூடியது, தையற்கடையின் மெஷின்மேல் பூனை குட்டி போட்டது. சலவைக் கடை மட்டும் மூடவில்லை. யாரும் யாரையும் தொடாமல் தொழில் நடத்த இருவரும் வழி கண்டுபிடித்தார்கள். மூட்டையைக் கேட்டில் கட்டிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டும். புருஷன் நீளக் கொக்கியால் எடுப்பான். கொதிக்கும் நீரில் முக்கிய பிறகுதான் கை வைப்பது. அப்படியும் முதல் மாதம் ஈயோட்டினார்கள். காயாத துணியின் சேதி பரவியதும் மூட்டை வந்து குவிய ஆரம்பித்தது. பீரோவில் மடித்து வைத்திருந்த சுத்தமான துணியைக்கூட அனுப்பினார்கள். போனில் யாரும் சௌக்கியம் விசாரிக்கவில்லை. “காஞ்சிருச்சாக்கா?” என்பார்கள், “காஞ்சிருச்சு” என்றதும் சிலர் அழுதே விட்டார்கள். காயாத வீட்டுக்காரர்கள் கேட்டால், “இன்னும் பார்க்கலைங்க” என்று வைத்துவிடுவாள். பிழைப்பு நடந்தது. நடந்த விதத்தை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஈரத் துணிகளை வாங்கிக்கொண்டு போக ஒருவன் வருவான். பொழுது சாய்கிற நேரம், முகமூடி, கையுறை, நெற்றிவரை இறக்கிய தொப்பி. அந்த வருஷம் ஊரே அப்படித்தான் திரிந்தது, ஆகவே அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சீட்டு கொண்டுவர மாட்டான். எந்த வீட்டுத் துணி, என்ன நிறம் என்று பொறுமையாகச் சொல்வான். “காயலைன்னாலும் பரவாயில்லைம்மா, அப்படியே குடுங்க.” மரியாதைக்காரன். வாழ்க்கையில் முதல்முறையாகத் துணி தயாராகாததற்குத் திட்டாத ஒரு ஆள் கிடைத்தானே என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவன் பையிலிருந்து சொட்டிய ஈரம் தெருவின் நடுவரை கோடாகப் போகும், அங்கே எந்த வீடும் இல்லாத இடத்தில் நின்றுவிடும்.

புதுமாப்பிள்ளையின் பெண்டாட்டி ஒருநாள் போன் செய்து, அவர் போட்டிருந்த கோடு போட்ட சட்டையை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளக் கேட்டாள். “முந்தாநாளே உங்க வீட்டு ஆள் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரேம்மா” என்றாள் இவள். “எங்க வீட்ல இனிமே யாரு இருக்காங்கக்கா, நான் ஒருத்திதான்” என்றது அந்தக் குரல். அதற்குப் பிறகும் அவள் கொடுத்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை நேர்மையாக இருக்காது. அவனை ஏறெடுத்துப் பாராமல், கேட்ட துணியை எடுத்துக் கொடுத்தாள். மறுத்தால் தன் வீட்டுப் பக்கம் திரும்பிவிடுவானோ என்ற பயம்.

கொடுத்தும் திரும்பினான். ஒரு வெள்ளிக்கிழமை புருஷனின் கட்டம் போட்ட நீலச் சட்டை காயவில்லை. காலையில் இரும்பு வாளியில் தனியாக ஊறவைத்து அவளே பிழிந்தது. மத்தியானம் தொட்டுப் பார்த்தாள், சொட்டியது. இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தாள். ஆவி பறந்தது, துணி மட்டும் அப்படியே இருந்தது. புருஷன் வந்து காலரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தான். “நல்ல சட்டை. நீ வாங்கிக் குடுத்தது” என்றான். பிறகு ஒன்றும் நடக்காததைப் போல சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனான். அவள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். சண்டை போட்டே காலத்தை ஓட்டிவிட்டோமே, இந்த மனுஷனிடம் ஒரு நல்ல வார்த்தை பேசினோமா என்றிருந்தது.

பொழுது சாய்ந்ததும் அந்த முகமூடிக்காரன் வந்தான். “நீலச் சட்டைம்மா, கட்டம் போட்டது. காயலைன்னாலும் பரவாயில்லை.”

சட்டை அவளுக்குப் பின்னால் கொடியில் தொங்கியது, அவனுக்கும் தெரிந்தது. என்ன சொல்வதென்று அவள் யோசிக்கவில்லை. அத்தனை வருஷம் அந்தக் கவுண்டரில் நின்ற வாய் தானாகவே சொன்னது: “கறை போகலைங்க. இன்னொரு தடவை போடணும். நாளைக்கு வாங்க.”

அவன் கொடியில் தொங்கிய சட்டையைப் பார்த்தான். பிறகு எல்லா வாடிக்கைக்காரர்களும் விடுகிற அந்தப் பெருமூச்சை விட்டான். “நாளைக்குக் கண்டிப்பா ஆயிடுமாம்மா?” என்றான். “கண்டிப்பா” என்றாள். போய்விட்டான்.

உடைந்து அழுதவளைப் புருஷன் ஓடிவந்து பிடித்துக்கொண்டான். அவள் அழுதது அவனுக்காக இல்லை. தபால் அலுவலகத்துக்காரரின் கால்சட்டை, பல் டாக்டர் மாமியாரின் பூப்போட்ட கவுன், அந்தக் கோடு போட்ட சட்டை எல்லாம் கண்முன் வந்து நின்றன. வாயில் கிடந்த வார்த்தைதானே, முன்னாலேயே சொல்லியிருக்கலாமே பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ஒரு ஈரத் துணியையும் அவள் கொடுக்கவில்லை. கஞ்சி வரலைங்க, பொத்தான் தைக்கணும், கரண்ட் இல்லை, நாளைக்கு வாங்க. ஆனால் சொன்ன வேலையைச் செய்தாக வேண்டியிருந்தது. ஒரு தடவை சோம்பலில் ஒரு கர்ச்சீப்பைத் துவைக்காமல் விட்டாள். அவன் எட்டி முகர்ந்து பார்த்து, “இதுல இன்னைக்குக் கை வைக்கலை போலிருக்கே” என்று நீட்டிய கையை மடக்கவில்லை. கொடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே புருஷனும் பெண்டாட்டியும் பின்னறை முழுக்கக் கொடி கட்டி, காயாத அத்தனை துணியையும் தினம் துவைத்துப் பிழிந்து தொங்கவிட்டார்கள். நோய் ஊரைவிட்டுப் போயிற்று, முகமூடிகள் குப்பைக்குப் போயின, முடிதிருத்துகிறவர் கத்தரியைத் தீட்டினார். இவர்களுக்கு மட்டும் ஞாயிறு கிடையாது, காய்ச்சல் தலைவலி கிடையாது. விரல்கள் வெளுத்து ஊறிப்போயின. துணிக்குரியவர்கள் பிள்ளை பெற்றார்கள், வீடு மாறினார்கள், துணி வரவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திட்டினார்கள். “என் சட்டையை எப்பதான் குடுப்ப?” என்று புருஷன் கேட்பான். “உங்களுக்கென்ன அவசரம்” என்பாள்.

வியாபாரிகள் சங்கத்தில், பெருந்தொற்றிலும் மூடாத கடை என்று அவளுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். மேடையில் மைக்கை நீட்டி, எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார்கள். “வர்றவங்ககிட்ட நாளைக்கு வாங்கன்னு சொல்லணும். மறுநாள் கடை திறந்திருக்கணும்” என்றாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமலே கிளம்பினாள்.

கடைக்கு வந்தபோது புருஷன் கவுண்டரில் நின்றிருந்தான், அவன் முகம் சரியில்லை. அவள் வேலைக்குக் கட்டுகிற ஏப்ரன், காலையில் அவளே துவைத்துப் போட்டுவிட்டுப் போனது, அவன் கையில் சொட்டிக்கொண்டிருந்தது. எதிரே அந்த ஆள் வந்து நின்றிருந்தான். அவனை மட்டும் முகமூடி இன்னும் விடவில்லை.

“ஏப்ரன் ஒண்ணு இருக்குமேம்மா” என்றான்.

அவள் வாய் திறப்பதற்குள் புருஷன் முந்திக்கொண்டான். இத்தனை வருஷத்தில் அவன் ஒருநாளும் கவுண்டரில் நின்று பேசியதில்லை.

“இன்னும் ஆகலைங்க. நாளைக்கு வாங்க.”

வந்தவன் பெருமூச்சு விட்டுத் தெருவில் இறங்கினான். புருஷன் பின்னறைக்குப் போய், நீலச் சட்டையைச் சற்றுத் தள்ளி நகர்த்தி, அதன் பக்கத்தில் ஏப்ரனைக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டான். அவள் கேடயத்தை அலமாரிமேல் வைத்துவிட்டு, நாளைக்கு வேண்டிய சோப்பை எடுத்து ஊறவைத்தாள்.