கையுறைப் பெட்டியில் நூறு உயிர்

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வீடு திரும்பிய ஹனீப் பாய், மாடிப்படியின் கடைசித் திருப்பத்திலேயே பிணத்தைப் பார்த்துவிட்டார்.

காலையில்கூட பால்கனிக் கொக்கியில் நான்கடி நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்த செடி அது. இப்போது தொட்டி மட்டும் காலியாக ஆடிக்கொண்டிருந்தது. நெருக்கப் பின்னிய சடைபோல இறங்கியிருந்த ஆறு கொடிகளும் அடியோடு கழன்று தரையில் கிடந்தன. சதைப்பற்றான குட்டி இலைகள், பச்சை நெல்லிக்காயைச் சீவிப் போட்டதுபோல மூலைக்கு மூலை சிதறியிருந்தன. தண்டின் அடியைத் தொட்டார். கூழாக இருந்தது. விரலை மோந்தார். அழுகல்.

"மெஹர்!"

அவர் போட்ட சத்தத்தில் சமையலறையில் ஏதோ ஒரு தட்டு விழுந்தது. மெஹர்னிசா முந்தானையில் கையைத் துடைத்தபடி ஓடிவந்தாள். பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"யா அல்லாஹ்! குணாவோட செடியா? இன்னாங்க பண்ணீங்க?"

"நான் இன்னா பண்ணேன்? ஒண்ணுமே பண்ணல."

அதுதான் பொய். தெரியாமல் சொன்ன பொய்.

கீழ் போர்ஷனில் குடியிருக்கும் குணசுந்தரி, சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமைப்பவள். மகள் ஈஸ்வரியைப் பள்ளிப்பட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். பிரசவம் வரைக்கும் படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், இரண்டு மாத லீவு போட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். போகும்போது இந்தச் செடியை மட்டும் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன் கவரைப்பேட்டைக்கு இரண்டு பையோடு வந்து இறங்கியவள், மூன்றாவதாகக் கொண்டு வந்தது ஒரு சாண் கொடித் துண்டு. அதுதான் இப்படி வளர்ந்திருந்தது.

"பத்து நாளைக்கு ஒரு தபா அரை டம்ளர் தண்ணி, பாய். அதுக்கு மேல ஒரு சொட்டு வேணாம். கை பட்டா எலை கொட்டிடும், தொடாதீங்க. உங்களாண்ட குடுத்துட்டுப் போறேன், எனக்குக் கவலையே இல்ல."

கவலையில்லாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. கீழே முன்பக்கம் ஹனீப் பாயின் கடை. தொழிற்சாலைகளுக்குக் கையுறை, சேஃப்டி ஷூ, மெஷின் துடைக்கும் பனியன் வேஸ்ட் எல்லாம் அங்கே கிடைக்கும். அதோடு இன்னொரு சேவையும் உண்டு. ஊருக்குப் போகிற தொழிலாளிகள் அவரிடம் எதையும் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். பைக், ரேஷன் கார்டு, கல்யாணப் புடவை, ஒருமுறை கிளிக்கூண்டுகூட. பழவேற்காட்டில் வியாபாரம் செய்த அவர் வாப்பா சொல்லி வளர்த்தது அப்படி: கையில் கொடுத்தது அமானிதம், கொடுத்தபடியே திரும்பிப் போக வேண்டும். முப்பது வருஷத்தில் ஒன்றுகூட குறைந்ததில்லை.

இது குறைந்துவிட்டது.

"எனக்குத் தெரியும்," என்றாள் மெஹர்னிசா. அவள் பார்வை பால்கனி ஓரத்தில் இருந்த ஸ்டூல்மேல் நின்றது. அதில் உட்கார்ந்துதான் அவர் தொழுகைக்கு முன் ஒளு செய்வார். கை, வாய், முகம், கால். செம்பில் மிஞ்சும் தண்ணீரைச் சாக்கடையில் விட அவருக்கு மனசு வராது. அந்த உள்ளங்கைத் தண்ணீர் போகும் இடம், தலைக்கு மேலே தொங்கும் தொட்டி. விடியலில் ஃபஜ்ருத் தொழுகைக்கு ஒன்று, மத்தியானம் லுஹருக்கு ஒன்று, அஸருக்கு, மஃரிபுக்கு, ராத்திரி இஷாவுக்கு.

"அது ஒளு தண்ணி, மெஹர். அது தண்ணி ஊத்துற கணக்குல வருமா? பத்து நாளைக்கு ஒரு தபா அரை டம்ளரு தனியா ஊத்திக்கினுதானே இருந்தேன்?"

"ஆமா, செடிக்கு ஃபத்வா தெரியும் பாருங்க!"

ஹனீப் பாய் குனிந்து ஒவ்வொரு இலையாகப் பொறுக்க ஆரம்பித்தார். மெஹர்னிசா முறத்தை நீட்டினாள், அவர் வேண்டாமென்று தலையாட்டிவிட்டார். ஒருத்தி ஒன்பது வருஷம் வளர்த்ததை குப்பை வண்டியில் கொட்டுவதா? காலியான கையுறை அட்டைப்பெட்டி ஒன்றில் இலைகளையெல்லாம் அள்ளிப் போட்டு, கடையின் பரணில் ஜன்னல் துளை ஓரமாகத் தள்ளினார். கண்ணில் படாமல் இருந்தால் போதும்.

மறுநாள் காலை, அழுகிய தண்டை ஒரு பாலிதீன் பையில் போட்டுக்கொண்டு ஜி.என்.டி. ரோட்டு நர்சரிக்குப் போனார். நர்சரிக்காரன் மோசஸ் பையைத் திறந்தான். உடனே மூடினான்.

"பாய், இத்த சாவடிச்சது தண்ணி. தெனம் ஊத்துனீங்களா?"

"லேசா."

"எத்தினி தபா?"

ஹனீப் பாய் ஐந்து விரலையும் காட்டினார்.

மோசஸ் நாற்றுத் தட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டான். "அஞ்சா! பாய், இது மெக்சிகோ மலைப்பாறையில தொங்குற சாதி. தண்ணிய எலையிலயே சேத்து வெச்சிக்கும். எலை சுருங்குனா தாகம்னு அர்த்தம், அப்போ ஊத்தணும். நீங்க மீன் வளக்குற மாதிரி வளத்துருக்கீங்க."

"மோசஸு, பேச்சு வேணாம்ப்பா. இதே மாதிரி ஒண்ணு வேணும். இதே நீளம்."

நர்சரி வாசலில் அவன் அழகுக்காக வைத்திருந்தது ஒன்று. விற்பனைக்கில்லை என்றான். ஒரு மணி நேரம் அசையாமல் எதிரே நின்றார் ஹனீப் பாய். மோசஸ் கொடுத்துவிட்டான்.

அன்று மத்தியானம் பால்கனிக் கொக்கியில் ஒரு செடி தொங்கியது. அதே தொட்டி, அதே நீளம். மெஹர்னிசா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அசப்புல அதேதாங்க. குணாவுக்குத் தெரியவே தெரியாது."

தெரியாது. அதுதான் ஹனீப் பாயை முள்ளாக உறுத்தியது. அதன்பிறகு ஒளு செய்ய அவர் பால்கனிப் பக்கமே போகவில்லை. பாத்ரூமிலேயே முடித்துக்கொண்டார்.

மூன்றரை வாரம் ஓடியது.

ஒரு புதன்கிழமை, கம்பெனி ஸ்டோர் கீப்பர் ஜெகன் போன் செய்தான். பழைய ஸ்டாக் தோல் கிளவுஸ் அவசரமாக வேண்டுமாம். ஹனீப் பாய் ஏணி போட்டுப் பரணில் ஏறினார். கைக்கு வந்த முதல் பெட்டியின், சரியாக மூடாமல் கிடந்த மூடியை விலக்கினார்.

கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

முதலில் பூச்சி என்றுதான் நினைத்தார். பெட்டி முழுக்க இளஞ்சிவப்பாக, நூலைவிட மெல்லிசாக எதுவோ படர்ந்திருந்தது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டார். நூல் இல்லை. வேர்.

ஒவ்வொரு இலையும் கொடியிலிருந்து கழன்ற முனையில் வேர் விட்டிருந்தது. வேருக்கு நடுவே, கடுகு அளவில் ஒரு பச்சைப் புள்ளி. இன்னும் கிட்டே குனிந்தார். அது புள்ளியும் இல்லை. ஐந்தாறு இலைகள் வட்டமாக அடுக்கிய முழுச் செடி. ஒரு கடுகுக்குள் அடங்கிய முழுச் செடி. அதைப் பெற்ற பழைய இலை மட்டும் திராட்சை வற்றல்போலச் சுருங்கி, தன்னிடம் இருந்த நீரையெல்லாம் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

மண் இல்லை. தண்ணீர் இல்லை. ஜன்னல் துளையில் வந்த ஒரு கை அகல வெளிச்சம் மட்டும். பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கமாகவே தலையைத் திருப்பியிருந்தன.

"சுப்ஹானல்லாஹ்."

தினம் ஐந்து வேளை ஊட்டியது செத்துப்போனது. செத்தது என்று மூடி வைத்தது, யாரையும் கேட்காமல் பிழைத்துக்கொண்டது. ஏணியின் மேல்படியில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார். நூற்றுப் பதினான்குவரை வந்து விட்டுவிட்டார். கண் கலங்கியிருந்தது. கீழே அவர் போனில் ஜெகனின் அழைப்பு மூன்று முறை அடித்து ஓய்ந்தது.

இத்தனை பேர் இங்கே உட்கார்ந்திருக்கும்போது மாடியில் தொங்கும் பொய்யை என்ன செய்வது? குணசுந்தரிக்கு இன்றே போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும். பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினார். கடைசிப் படியில் கால் வைக்கும்போது வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது.

"பாய்! பேரன் பொறந்துட்டான்! டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னாடியே! சேதி சொல்லிட்டு, துணிமணி எடுத்துக்கினு போலாம்னு வந்தேன்!"

குணசுந்தரி.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் மாடியேறிவிட்டாள். ஹனீப் பாய் பெட்டியோடு பின்னால் ஓடினார். மெஹர்னிசா வாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டு பேரனைப் பற்றி விசாரித்தாள். அதற்குள் குணசுந்தரியின் கண் பால்கனிக்குப் போய்விட்டது.

"ஐய, இன்னா தளதளன்னுக்கீது! நான் வெச்சிருந்தாகூட இப்டி வந்திருக்காது, பாய். உங்க கை ராசியான கை."

மெஹர்னிசா கணவரைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள். விடுங்க, வாயைத் தொறக்காதீங்க.

ஒரு தலையசைப்பு போதும். முப்பது வருஷப் பெயர் பத்திரமாகத் தப்பித்துவிடும்.

"அது உன் செடி இல்ல, குணாம்மா," என்றார் ஹனீப் பாய். "உன்னுது செத்துப்போச்சு. நான்தான் தண்ணி ஊத்திக் கொன்னுட்டேன். இது நர்சரில வாங்கினது. உன்னை ஏமாத்தலாம்னு மாட்டி வெச்சேன்."

குணசுந்தரியின் சிரிப்பு மெல்ல இறங்கியது. தொங்கும் செடியை மறுபடி பார்த்தாள். அவள் கை தானாகக் கொடியின் நுனியைத் தேடிப் போய், பாதியில் நின்றது.

"சொல்லாங்காட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதே, பாய். அப்புறம் ஏன் சொன்னீங்க?"

அவர் பெட்டியைத் தரையில் வைத்து மூடியைத் திறந்தார்.

"இவங்களுக்குப் பதில் சொல்லணுமே."

குணசுந்தரி மண்டி போட்டாள். ஒரு இலையை இரு விரலால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். இளஞ்சிவப்பு வேர் அவள் ரேகைமேல் படிந்தது.

"இத்தினி வருஷமா," என்றாள், குரல் எழும்பாமல், "உதுர்ற எலைய தெனம் பெருக்கிக் குப்பையில கொட்டிக்கினு இருந்தேன், பாய். உசுரோட கொட்டிக்கினு இருந்திருக்கேன்."

மெஹர்னிசாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாம் உன்னுது," என்றார் ஹனீப் பாய். "குடுத்த ஆடு குட்டி போட்டா குட்டியும் குடுத்தவங்களுக்குத்தான்."

"நூறு குட்டிய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? கேன்டீன்ல சாம்பார்லயா போட முடியும்?" அழுகையும் சிரிப்புமாகக் கேட்டாள். பிறகு மெஹர்னிசாவிடம் திரும்பினாள். "அக்கா, தட்டு குடு. மணலு கீதா? பாயி, தண்ணி செம்ப மட்டும் நீங்க தொடாதீங்க."

"தொட மாட்டேன்."

மெஹர்னிசா எழுந்து மின்விசிறியை அணைத்தாள். காற்றில் ஒரு வேர் அறுந்துவிடக் கூடாது. மூவரும் தலையோடு தலை முட்ட, காய்ந்த மணல்மேல் இலை இலையாக அடுக்கினார்கள். புதைக்கவில்லை, சும்மா படுக்க வைத்தார்கள். அதுவே போதும்போல இருந்தது அவற்றுக்கு.

போனுக்குப் பதில் வராததால் கோபத்தோடு படியேறி வந்த ஜெகன், "இன்னா பாய், கிளவுஸு..." என்று ஆரம்பித்தவன், தட்டில் இருப்பதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு மெல்லக் குனிந்தான்.