நாத்தனார் முடிச்சு

நாவலாசிரியை குமுதவல்லியின் வீட்டு மாடியில் அவள் எழுதிய கதாநாயகர்கள் எல்லோரும் தாலி கட்டியபடியே நின்றார்கள். மாதம் ஒரு நாவல் வெளிவரும். மாதம் ஒரு மணவறை கூடும். மாடியும் அதற்கேற்ப நீண்டுகொடுத்தது. இப்போது அதன் கடைசி முனை பக்கத்து ஊர் எல்லைக்குள் இருந்தது. அவள் ஊரான கோபியில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துணி காயப்போட வசதி என்றார்கள்.

கெட்டிமேளத்தோடு கதையை முடிப்பது அவள் வழக்கம். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. தினமும் காப்பியோடு மாடிக்குப் போய்ப் பார்ப்பாள். ஒருவரும் அடுத்த அடி எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். மேளக்காரர்கள் மட்டும் முறைவைத்துத் தூங்கினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளுடைய முதல் நாவலின் நாயகி மிருதுளா வாயைத் திறந்தாள். இத்தனை வருஷம் நாணத்தில் குனிந்திருந்த கழுத்து வலிக்கிறதாம்.

"நகர வேண்டியதுதானே?" என்றாள் குமுதவல்லி.

"எப்படீங்க நகர்றது? இவரு ஒரு முடிச்சுதான் போட்டிருக்காரு. மிச்சம் ரெண்டும் நாத்தனார் போடோணும். இவருக்குத்தான் அக்கா தங்கச்சி யாருமே இல்லீங்களே."

குமுதவல்லிக்குச் சுருக்கென்றது. அவள் நாயகர்கள் அத்தனை பேரும் அநாதைகள். மாமியார், நாத்தனார் தொல்லை இல்லாத மாப்பிள்ளை என்றால் வாசகிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். அதனால் முதல் அத்தியாயத்திலேயே குடும்பத்தைக் காரோடு பவானி ஆற்றில் இறக்கிவிடுவாள். ஈவு இரக்கம் பார்த்ததே இல்லை.

மிருதுளா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களே போட்டுடுங்க."

அவ்வளவு சுலபமாகப் போட்டுவிட முடியாது. மிருதுளாவின் மாப்பிள்ளை ஹர்ஷவர்தனை அவள் வாசகிகளுக்காக எழுதவில்லை. தனக்காக எழுதினாள். அவனை மனதில் வைத்துத்தான் வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தாள். முடிச்சைப் போட்டால் அவள் அவனுக்கு அக்கா.

அவன் இருபத்தெட்டு வயதிலேயே நின்றிருந்தான். கயிற்றின் நுனிகளைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. பார்க்கப் பாவமாக இருந்தது. அழுகையும் வந்தது. காப்பி டம்ளரை ஓமகுண்டத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டாள்.

மேளம் நின்றது.

"ரொம்ப நன்றிங்கக்கா" என்றான் ஹர்ஷவர்தன். அவள் எழுதிக்கொடுக்காமல் அவன் பேசிய முதல் வசனம் அது.

இருவரும் கையை உதறிக்கொண்டு கீழே இறங்கிப் போனார்கள். மற்ற மாப்பிள்ளைகள் கயிற்றை நீட்டியபடி அவளையே பார்த்தார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள்.

கீழே சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. மிருதுளாவின் குரல் உயர்ந்தது. அதற்கு அவனும் ஏதோ சொன்னான். என்ன சங்கதி என்று போய்க் கேட்க நாத்தனாருக்கு உரிமை உண்டு. குமுதவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.