யூதாசுக்கு விழுந்த சீட்டு

"செருப்பைக் கவுத்துப் போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று யுஸ்தினா கத்தினாள்.

"வந்து நிமித்துறேன்டி" என்று சொல்லி அவள் புருஷன் லம்பெர்துஸ் வெறுங்காலோடு கடலுக்கு ஓடினான். பாறையில் சிக்கிய வலையை எடுக்க அவன் முங்கியிருந்த இடத்தில், மீனுக்காக அதே ஊர்க் கோஸ்மாஸ் வெடி வீசினான். லம்பெர்துஸ் பிணமாகத்தான் கரை சேர்ந்தான். சாட்சி சொல்ல அந்தப் புளோரஸ் தீவுக் கரையில் ஒருவரும் வரவில்லை.

அடுத்த பெரிய வியாழனன்று, பாதம் கழுவும் சடங்குக்காகப் பன்னிரண்டு ஆண்கள் சீடர்களின் பெயரெழுதிய சீட்டெடுத்தார்கள். கோஸ்மாசுக்கு யூதாஸ் விழுந்தது. சாமியார் கழுவும்போது தண்ணீர் ஊற்றும் முறை அந்த வருடம் யுஸ்தினாவுடையது.

"சரியான ஆளுக்குத்தான் விழுந்திருக்கு" என்று பக்கத்து வீட்டு ரெஜினா சிரித்தாள்.

யுஸ்தினா சிரிக்கவில்லை. பதினொரு பேருக்கும் வெதுவெதுப்பான நீரை ஊற்றினாள். கடைசி ஆளுக்கென்று கொதிநீர்க் கெண்டி ஒன்றைத் துணி சுற்றி வைத்திருந்தாள். அதை எடுத்தாள்.

ஆவியைக் கண்டதும் கோஸ்மாசுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஊத்துக்கா" என்றான்.

ஆண்டவர் அன்று யூதாசின் காலையும் கழுவினார், எல்லாம் தெரிந்தே கழுவினார். வருடாவருடம் கேட்ட கதைதான். அவருக்கும் கை கூசியிருக்கும் என்று இப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. கூச்சத்தில் ஒரு துணை கிடைத்தது போலிருந்தது. கொதிநீர்க் கெண்டியை வைத்துவிட்டு வெதுவெதுப்பான நீரையே அவன் காலிலும் ஊற்றினாள்.

"மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதடா. இன்னிக்குச் சுடல, அவ்ளோதான்."

வீட்டில் லம்பெர்துஸ் விட்டுப்போன இடது செருப்பு இன்னும் கவிழ்ந்தே கிடந்தது.