புஷ்பவள்ளிக்குச் செவ்வாய்க்கிழமை

1.

இந்தக் கதை என்னுடையது அல்ல. என் மனைவி வாசுகி சொன்னது. பிறகு யாராவது கண்டுபிடித்து என்னிடம் நீட்டினால் எனக்குப் பிடிக்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குளுவாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் எங்கள் ஊரான பத்து பாகாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆயர் ஈத்தாம் வந்ததும், சாலையோரம் பூச்சட்டி அடுக்கிய கடைகளைப் பார்த்தபடியே அவள் பேச்சை எடுத்தாள். "எங்க கோயில் மகளிர் பிரிவுல ஒருத்திக்கு ஒரு சங்கதி ஆயிடுச்சுங்க. நீங்கதான் கதை எழுதுறவராச்சே, இதுக்கு ஒரு முடிவு சொல்லுங்க."

இத்தனை வருடத்தில் அவள் எனக்குக் கதை கொடுத்ததே இல்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தேகம் எனக்குத் தொழில். மூவாரில் ஒரு சோபா தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருக்கிறேன். உட்கார்ந்து பார்த்து, ஆட்டிப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்துக் குறை சொல்வதற்குத்தான் சம்பளம். குறையே இல்லாத சோபா வந்தால் எனக்கு நிம்மதி வராது. சரியாகப் பார்க்கவில்லையோ என்றுதான் தோன்றும்.

சங்கதி இதுதான். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்ல வாசுகி மறுத்துவிட்டாள். புஷ்பவள்ளி என்று நான் வைத்துக்கொண்டேன். கோயில் மண்டபத்தில் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை நடந்தது. டாக்டர் முன்னால் படுக்க வேண்டியதில்லை. ஒரு பொட்டலம் தருவார்கள், உள்ளே நீளமான பஞ்சுக்குச்சியும் ஒரு குழாயும் இருக்கும். கழிவறைக்குள் போய்த் தானே உள்ளே விட்டுச் சுழற்றி, குழாயில் போட்டு மூடிக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் கிருமி, எச்.பி.வி. என்பது, இருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்ப்பார்கள்.

புஷ்பவள்ளிக்கு அன்றைக்கு மாதவிலக்கு. கோயில் வளாகத்துக்குள்ளேயே வந்திருக்கக் கூடாது. ஆனால் அன்னதானச் சமையல் அவள் பொறுப்பு, மாற்றாள் கிடைக்கவில்லை, யாருக்கும் தெரியாமல் வந்துவிட்டாள். மேசையில் இருந்த நர்ஸ் மிஸ்ஸி எல்லோர் காதிலும் விழ, கடைசியாக எப்போது குளித்தாய், அதாவது மாதவிலக்கு எப்போது வந்தது, என்று கேட்டிருக்கிறாள். பின்னால் வரிசையாக மகளிர் பிரிவு முழுக்க நிற்கிறது. இரண்டு வாரம் என்று பொய் சொல்லிவிட்டாள். அந்த நாட்களில் மாதிரி எடுக்கக் கூடாது என்று பொட்டலத்திலேயே போட்டிருக்கிறது. பயந்துபோய், கூட வந்த லோஷினி என்பவளிடம் தன் பொட்டலத்தையும் கொடுத்து, நீயே இரண்டையும் எடுத்துக்கொடு என்று கெஞ்சியிருக்கிறாள். லோஷினியும் எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது கிளினிக்கிலிருந்து போன் வந்திருக்கிறது. புஷ்பவள்ளி பெயரில் போன குழாயில் கிருமி இருக்கிறது, லோஷினி பெயரில் போனதில் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்கிறார்கள். அது தன்னுடையது அல்ல என்று சொன்னால், தீட்டோடு கோயிலில் சமைத்தது வெளியே வரும். சொல்லாவிட்டால் இன்னொருத்தியின் வியாதி அவள் தலையில்.

வாசுகி சொல்லி முடித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி: "அது சும்மா வர்ற கிருமி இல்லையே. யாருகிட்டேருந்து வந்துச்சாம்?"

"ஏர்கோனைக் கொஞ்சம் குறைங்க, குளுருது" என்றாள்.

2.

தொடக்கங்கள்.

"கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் முன்னரே கண்டுபிடிக்கக்கூடிய ஒரு—" (துண்டறிக்கை. வேண்டாம்.)

"புஷ்பவள்ளி அன்று விடியற்காலையிலேயே தலைக்குக் குளித்து, மஞ்சள் புடைவை—" (மாதவிலக்கை மறைக்க நினைக்கிறவள் மஞ்சள் கட்டுவாளா? கறுப்பு கட்டினால் கோயிலில் கேட்பார்கள். மெரூன். இல்லை, புடைவையை விடு.)

"கழிவறைக் கதவைத் தாழிட்டதும் அவளுக்கு—"

இங்கே நின்றுவிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. எந்த ஆணுக்கும் தெரியாது. மிஸ்ஸிக்கும் தெரியாது, இந்தச் சோதனையின் சௌகரியமே அதுதான். யாரும் பார்க்கவில்லை, யாரும் சாட்சி இல்லை. ஒரு பரிசோதகனுக்கு இதைவிடக் கெட்ட இடம் கிடையாது.

வாசுகியிடம் கேட்டேன். அவளும் அன்றைக்குக் கொடுத்தவள்தான். விரிவாகச் சொன்னாள். "வலிக்காது. கூச்சந்தான். வெளிய வந்தப்புறம் இதுக்கா இத்தனை வருஷம் பயந்தோம்னு இருக்கும்." உன்னுடையது என்ன ஆயிற்று என்று கேட்டேன். எனக்கு ஒன்றுமில்லை என்றாள்.

(அவள் பதில் சொன்ன வேகத்தைக் குறித்துக்கொண்டேன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.)

3.

கதையில் ஒரு கால் ஆடுகிறது. உங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும், நான்தான் தாமதம்.

லோஷினி இரண்டு குச்சியையும் தன் உடம்பிலேயே எடுத்திருந்தால், இரண்டிலும் கிருமி இருக்க வேண்டும். ஆனால் லோஷினிக்குச் சுத்தம் என்று வந்துவிட்டதாம். ஒரே உடம்பு, இரண்டு பதிலா? இதை வாசுகியிடம் கேட்டபோது, அதெல்லாம் தனக்கு எப்படித் தெரியும் என்று எழுந்து போய்விட்டாள். மறுநாள் காலை, கேட்காமலேயே திருத்தத்தோடு வந்தாள். லோஷினி தன் குச்சியைச் சரியாக விட்டிருக்க மாட்டாளாம், அவசரத்தில் சும்மா தொட்டு எடுத்திருப்பாளாம்.

ராத்திரி முழுக்க யோசித்துக் காலையில் கொண்டுவரும் விளக்கம், கால் ஆடும் மேசைக்கு அட்டையை மடித்துக் கொடுக்கிற வேலை. இந்தக் கதையில் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று அப்போது முடிவுக்கு வந்தேன். நான் சந்தேகப்பட்டது புஷ்பவள்ளியை. லோஷினி குச்சியைத் தொடவே இல்லை. புஷ்பவள்ளி தானே எடுத்தாள், தானே கொடுத்தாள். முடிவு பிடிக்கவில்லை என்றதும் அது தன்னுடையதே இல்லை என்று ஒரு கதை கட்டினாள். அதற்குத்தான் மாதவிலக்கு. என்ன கெட்டிக்காரத்தனம் பாருங்கள்! தன்னைத் தானே அசிங்கப்படுத்திக்கொள்ளும் பொய்யை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். நான் சந்தேகித்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

4.

(இந்தப் பகுதியில் புஷ்பவள்ளி யாரோடு போயிருப்பாள் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. எடுத்துவிட்டேன். ஏன் என்று 6இல் தெரியும்.)

5.

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ. புருஷனுக்குத் தெரிந்துவிடுகிறது. அவன் கத்துகிறான், தட்டைத் தூக்கி எறிகிறான். அவள் தன் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள்.

ஆ. மகளிர் பிரிவுக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்கிறாள். எல்லோரும் கை தட்டுகிறார்கள். (எங்கள் கோயிலில் அல்ல.)

இ. யாருக்கும் சொல்லாமல் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து—

மூன்றையும் வாசுகிக்குப் படித்துக் காட்டினேன். சிங்க்கில் வஞ்சிரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரை நிறுத்தாமலே கேட்டாள். 'இ' வந்தபோதுதான் குழாயை மூடினாள்.

"அவ போகப் போறதில்ல" என்றாள். "வர்ற செவ்வாக்கிழமை தேதி கொடுத்துருக்காங்க. போக மாட்டா."

"ஏன்?"

"போனா வீட்டுல கேப்பாங்க."

"என்னன்னு?"

"நீங்க கேட்டதைத்தான்."

குழாயைத் திரும்பவும் திறந்துவிட்டாள்.

6.

அன்று இரவு எனக்கு முதல்முறையாக அந்த நினைப்பு வந்தது. புஷ்பவள்ளி என்று ஒருத்தி இல்லையோ?

உடனே ஒரு நிம்மதியும் வந்தது. வாசுகிக்கு ஐம்பத்து மூன்று வயது. மாதவிலக்கு நின்று இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. கதையே மாதவிலக்கில்தான் நிற்கிறது. ஆகவே அது அவள் இல்லை. நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் தொழிற்சாலையில் ஒரு மூன்று பேர் சோபா. தேக்கு நிறக் கைப்பிடி, எல்லா இடமும் ஒரே மாதிரி, ஓர் இடத்தில் மட்டும் பாலிஷ் கொஞ்சம் அதிகமாக மின்னியது. எங்கள் வேலையில் பழகியவர்களுக்குத் தெரியும், எங்கே அதிகமாக மின்னுகிறதோ அங்கேதான் விரிசல். நகத்தால் கீறினேன். இருந்தது.

அப்படியே அந்தச் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மாதவிலக்குதான் புதிய பாலிஷ். என்னோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவள், நான் முதலில் எங்கே நகத்தை வைப்பேன் என்று தெரிந்தவள், சரியாக அந்த இடத்தில், தனக்கு வரவே முடியாத ஒன்றை வைத்திருக்கிறாள். நான் தேடினால், அது அவள் இல்லை என்ற பதில் எனக்குக் கிடைக்க வேண்டும். கிடைத்தது.

(அல்லது இதெல்லாம் என் புத்தி. புஷ்பவள்ளி உண்மையாகவே இருக்கலாம். மகளிர் பிரிவில் அன்னதானப் பொறுப்பில் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். எனக்கு நிரூபணம் எதுவும் இல்லை. பிறகு வீட்டில் அவள் கைப்பேசி மேசைமேல்தான் கிடந்தது. கையை நீட்டி, பிறகு இழுத்துக்கொண்டேன். பார்த்திருந்தால் கதை 'அ'வில் முடிந்திருக்கும்.)

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் கைப்பேசியில் அந்தக் கிருமியைப் பற்றித் தேடிப் படித்தேன். கிருமி இருப்பதால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ஆனால் பார்க்க வேண்டும். இப்போதே பார்த்து, கர்ப்பப்பை வாயில் மாறிக்கொண்டிருக்கும் இடத்தை எடுத்துவிட்டால் அதோடு போயிற்று. பார்க்காமல் விட்டால் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். இன்னொன்றும் போட்டிருந்தது. அது உடம்பில் பல வருடம் சத்தமில்லாமல் கிடக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. ஆணிடமும் இருக்கலாம், அவனுக்கே தெரியாமல்.

கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம் எனக்கு அப்போதுதான் வருகிறது என்பது இன்னும் பயமாக இருந்தது. அதுவரைக்கும் நான் யாரிடமிருந்து என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றரைப் பக்கம்.

7.

வாசகரே, முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன் என்று இந்த இடத்தில் எழுதுவது வழக்கம். ஆனால் நான் எழுதும் எதற்கும் முதலில் ஒரே ஒரு வாசகிதான். அவள் படித்துவிட்டு, எழுத்துப்பிழையைப் பென்சிலால் வட்டமிட்டுத் தந்த பிறகுதான் மற்றவர்களுக்குப் போகும். ஆகவே மீதியை அவளிடமே சொல்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசுகி, 1ஆம் பகுதியில் நான் காரில் கேட்ட கேள்வியை அடித்துவிட்டேன். அழிக்கவில்லை, கேட்டது கேட்டதுதான். குறுக்கே ஒரு கோடு போட்டு, மேலே புதிதாக எழுதியிருக்கிறேன்: "எப்போ போகணுமாம்?" படிக்கும்போது அதை மட்டும் படி.

நீதான் புஷ்பவள்ளியா என்று நான் கேட்கப்போவதில்லை. புஷ்பவள்ளி என்று ஒருத்தி இருக்கிறாள் என்று நம்பத் தீர்மானித்துவிட்டேன். ஆடுகிற காலோடு, மடித்த அட்டையோடு, நீ சொன்ன கதையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். என் வேலையில் இப்படி ஒரு சோபாவையும் நான் விட்டது கிடையாது, உனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கிறேன். புஷ்பவள்ளியிடம் சொல், காரில் இடம் இருக்கிறது. லோஷினி என்று ஒருத்தி இருந்தால் அவளையும் கூப்பிடு, பின் சீட் காலி. அவள் குச்சி சரியாக விடவில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய், அவளும் திரும்பப் பார்த்துக்கொள்ளட்டும். போகும்போதும் வரும்போதும் நான் எதுவும் கேட்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் உள்ளே கூப்பிட்டால் வெளியே உட்கார்ந்திருப்பேன். உள்ளே வா என்றால் வருவேன். ஏர்கோனைக் குறைத்தே வைக்கிறேன்.

இந்தத் தாள்களை உன் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்கிறேன். பென்சிலும் இருக்கிறது. ஏழு மணிக்குக் கார் வாசலில் நிற்கும். ஏறியது யார் என்பதை 8இல் நீ எழுது.

8.