கொலுவில் வைத்த பவளம்

விஜயம் டீச்சர் கட்டைப்பையை என் மேஜைமேல் வைத்தார். வாய் கட்டியிருந்தும் நாற்றம் வந்தது. கோரிப்பாளையத்தில் எங்கள் டிராவல்ஸுக்கு ஒரே ஓர் அறைதான். டிரைவர் ராம்கி அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

போன ஞாயிறு எங்கள் வேனில் தீவு பார்க்க வந்தவர் டீச்சர். விலங்கியல் படித்தவள் என்று வாராவாரம் என்னையும் அனுப்புவார்கள், கடலைப் பற்றிச் சொல்ல. அன்றும் முழங்காலளவு தண்ணீரில் படகு நின்றது. எல்லோரும் இறங்கிப் பவளத்தின்மேல் நடந்து படம் எடுத்துக்கொண்டார்கள். காலுக்கடியில் அது முறிகிற சத்தத்தை ஆறு மாதமாகக் கேட்கிறேன்.

பைக்குள் அன்று அவர் எடுத்துப்போன பவளக் கிளை, உள்ளங்கை அகலத்தில். டீச்சர் வருஷா வருஷம் கொலுவில் பார்க் கட்டுவார். இந்த வருஷம் கடல். நீலத் தாள், பொம்மை மீன்கள், நடுவில் இது. மூன்றாம் நாள் வந்தவர்கள் சுண்டலை வாங்கிக்கொண்டு உட்காராமலே கிளம்பினார்களாம். எலி செத்துக் கிடக்கிறதோ என்று, நடுவில் கலைக்கக் கூடாத படியைக் கலைத்துத் தேடியிருக்கிறார்.

"கழுவிக் கழுவிப் பார்த்துட்டேன். என்ன போட்டா வாடை போகும்?"

"அது கல்லு இல்ல டீச்சர். உயிர். உங்க வீட்டுல வந்து செத்திருக்கு."

டீச்சர் கையைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"வேன்ல சொன்னேன். தொடக் கூடாது, எடுத்தா குத்தம்னு."

"எனக்குக் கேக்கலையேம்மா."

முன் சீட்டுக்கு மட்டும் கேட்டிருக்கும். வேனில் அலறும் பாட்டை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது. மைக் ராம்கி அண்ணன் பக்கத்தில் தொங்கும். ஒரு நாளும் அதைக் கேட்டு வாங்கியதில்லை.

திரும்பக் கடலில் போட்டால் பிழைக்குமா என்றார். பிழைக்காது என்றேன். பையை விட்டுவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை வேன் ரிங்ரோட்டைத் தாண்டியது.

"அண்ணே, பாட்டை நிறுத்துங்க. மைக் வேணும்."

"எல்லாரும் கடுப்பாயிருவாங்க பாப்பா."

"ஆகட்டும்ணே."

இன்று யாரும் படகை விட்டு இறங்கக் கூடாது என்றேன். என் குரல் அவ்வளவு பெரிதாக இருந்தது எனக்கே பிடிக்கவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எதற்குக் கூட்டிப்போகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார்.

சீட்டுக்கடியிலிருந்த பையை எடுத்து, வாயை அவிழ்த்து, முதல் வரிசையில் கொடுத்தேன். பார்த்துவிட்டுப் பின்னால் அனுப்பச் சொன்னேன். ஒரு ஜன்னல் திறந்தது. அடுத்த வரிசையில் இன்னொன்று. கடைசி சீட்டுவரை போகட்டும் என்று மைக்கைப் பிடித்தபடி நின்றேன்.